மளிகைச் சீட்டும் குழந்தையின் உடல்நலமும்

சிறு குழந்தைகளுடன் கடைக்கும் சந்தைக்கும் செல்லும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

மேகமலைத் தேயிலைத் தோட்டங்களில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு மாத மளிகை வாங்குவது ஒரு முழு நாள் வேலை. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, மகாராஜாமெட்டு, இரவங்கலாறு முதலிய இடங்களிலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, தென்பழனி வழியாகச் சின்னமனூருக்கு இறங்க வேண்டும். பேருந்துகள் குறைவு. பாதை புலிகள் காப்பகக் காட்டின் ஊடே செல்வதால் இருட்டுவதற்குள் திரும்பியாக வேண்டும். தோட்டத்துச் சிறு கடைகளில் அவசரத் தேவைக்குச் சில பொருள்கள் கிடைக்கும்; மாதத்துக்கு வேண்டிய பருப்பும் எண்ணெயும் காய்கறியும் கீழிருந்தே வர வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாத நாளில், பிள்ளையும் இடுப்பில் ஏறி உடன் வருகிறது.

இப்பயணத்தை ஒரு குழந்தை நல மருத்துவர் ஏன் பொருட்படுத்த வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் எளியது. கடையில் கழியும் அந்த இரண்டு மணி நேரத்தில் பையில் எது ஏறுகிறதோ, அதுவே அடுத்த மூன்று, நான்கு வாரங்களுக்குக் குழந்தையின் உணவு. பைக்குள் வராத பொட்டலத்துக்காக வீட்டில் சண்டையிட வேண்டியதில்லை; பைக்குள் வராத பயற்றை எந்தத் தாயாலும் சமைத்துக் கொடுக்க இயலாது. மலையில் இருப்போருக்கு இது மிகத் தெளிவாகத் தெரியும். கம்பம், உத்தமபாளையம், தேனி என்று கடைகளுக்கு அருகிலேயே வாழ்வோருக்கும் இது பொருந்தும். அவர்கள் அதே முடிவை மாதம் ஒரு முறைக்குப் பதிலாக நாள்தோறும் எடுக்கிறார்கள்.

இரத்தச்சோகையும் மளிகைப் பையும்

நம் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் சிறு குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படும் குறை இரத்தச்சோகை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21), இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் இந்நிலையில் உள்ளனர். சோர்வு, பசியின்மை, அடிக்கடி வரும் காய்ச்சல், மண்ணையும் சிலேட்டுக் குச்சியையும் பச்சரிசியையும் தின்னும் பழக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். வெளியே தெரியாத பாதிப்பு ஒன்றும் உண்டு. மூளை விரைந்து வளரும் முதல் ஆண்டுகளில் இரும்புச்சத்து குறைந்தால், கற்கும் திறன் குன்றக்கூடும். பின்னர் மருந்து கொடுத்தாலும் அது முழுமையாக மீளாமல் போகலாம்.

மருந்துச் சீட்டில் இரும்புச்சத்து மருந்தை எழுதுவது எங்கள் பணி. அம்மருந்து முடிந்த பின்னும் குறை திரும்பாமல் காப்பது மளிகைச் சீட்டின் பணி. பாசிப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கேழ்வரகு, முருங்கைக்கீரை, முட்டை, இறைச்சி உண்போருக்கு ஈரலும் சுவரொட்டியும் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். கீரை, பயறு ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. உடன் நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா போன்ற வைட்டமின் சி நிறைந்த ஒன்றைச் சேர்த்தால் அதிகமாக ஏற்கும். ஆதலால் பயறு வாங்கும் நாளில் எலுமிச்சையையும் வாங்குங்கள்.

தேயிலை விளையும் மலையில் இருப்போர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தேநீரில் உள்ள பாலிஃபீனால் எனும் பொருள்கள் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்து, உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. காலையில் தேநீரில் பன் அல்லது பிஸ்கட்டைத் தோய்த்து உண்ணும் குழந்தைக்குப் பசி அடங்கிவிடுகிறது, சத்து சேர்வதில்லை. சிறு குழந்தைகளுக்குத் தேநீரும் காப்பியும் வேண்டா. பெரியவர்களும் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீரைத் தவிர்ப்பது நல்லது. பாலுக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் குடித்தால் மற்ற உணவை மறுத்துவிடும். அதனாலும் இரத்தச்சோகை வரும்.

புறப்படுவதற்கு முன்

சீட்டை வீட்டிலேயே எழுதுங்கள். பசியோடும் களைப்போடும் கடையில் நின்று எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் கண்ணைக் கவரும் பொட்டலங்களின் பக்கமே சாயும். சீட்டில் முதலில் பருப்பு, பயறு, முட்டை, எண்ணெய். அடுத்து காய், கீரை, பழம். இறுதியில் சோப்பும் பிறவும் என வரிசைப்படுத்துங்கள். குழந்தைக்கென வாங்கும் ஒரு தின்பண்டத்தையும் அதில் எழுதிவிடுங்கள். கடலைமிட்டாயோ பொரியுருண்டையோ, எதுவானாலும் வீட்டில் முடிவானதாக இருக்கட்டும். “இன்று உனக்கு இது ஒன்று, வேறு கிடையாது” என்று புறப்படும்போதே குழந்தையிடம் சொல்லுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கும் இது புரியும்.

பசித்த குழந்தையைக் கடைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். மலைப்பாதை வளைவுகளில் சில குழந்தைகளுக்கு வாந்தி வரும் என்பதால் பட்டினியாக அழைத்து வருவோர் உண்டு. வெறும் வயிறு குமட்டலைத் தணிப்பதில்லை. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன் இரண்டு இட்லி அல்லது சிறிது கஞ்சி போன்ற எளிய உணவைக் கொடுங்கள். சன்னலோரம் அமர்த்தி, தொலைவில் பார்க்கச் செய்யுங்கள். கைப்பேசியில் படம் காட்டினால் குமட்டல் மிகும். கீழே இறங்கியதும் சிறிது நேரம் ஓய்வு கொடுத்து, கொண்டுவந்த உணவை உண்ணச் செய்து, பின்னர் கடைக்குச் செல்லுங்கள். குடிநீர்ப் புட்டி ஒன்று கையில் இருந்தால், தாகத்துக்காகக் குளிர்பானம் வாங்க நேராது.

சில நாள்களில் குழந்தையை அழைத்துச் செல்லாதிருப்பதே நல்லது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அம்மை இருக்கும் நாள்கள் அத்தகையவை. நெஃப்ரோட்டிக் நோய்க்கு ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைகளும், புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ள குழந்தைகளும் சந்தை நெரிசலைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்குத் தொற்று எளிதில் பற்றும், பற்றினால் கடுமையாகும்.

கடையில் அழும் குழந்தை

கடையில் குழந்தை தரையில் புரண்டு அழும்போது தாயின் மனம் படும் பாட்டைச் சுற்றி நிற்போர் அறிவதில்லை. “பிள்ளையை வளர்த்த லட்சணம்” என்பது போன்ற பார்வைகள் வேறு. மருத்துவ நோக்கில் சொல்வதானால், ஒன்றிலிருந்து நான்கு வயது வரை இவ்வழுகை இயல்பான வளர்ச்சியின் ஒரு பகுதி. விருப்பத்தை அடக்கி வைக்கும் திறனை ஆளும் முன்மூளை அவ்வயதில் முதிர்ந்திருப்பதில்லை. குழந்தைக்கு ஆசை முழு வலிமையோடு வருகிறது; அதை நிறுத்தும் வலிமை இன்னும் வரவில்லை. கடைக்காரர்களும் இதை அறிவார்கள். ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்கள் கடை வாயிலில், குழந்தையின் கண்மட்டத்தில் சரம் சரமாகத் தொங்குவது தற்செயலன்று.

அழுகையைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதியை நினைவில் வையுங்கள். பத்து நிமிடம் மறுத்துவிட்டுப் பதினோராம் நிமிடத்தில் வாங்கிக் கொடுத்தால், பதினொரு நிமிடம் அழுதால் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. வாங்கிக் கொடுப்பதாயின் அழுகைக்கு முன்பே கொடுங்கள். மறுப்பதாயின் இறுதி வரை மறுங்கள். குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, தாழ்ந்த குரலில், “உனக்கு அது வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, இன்று வாங்கப் போவதில்லை” என்று ஒரு முறை சொல்லுங்கள். நீண்ட விளக்கம் அவ்வேளையில் காதில் ஏறாது. அழுகை நீண்டால் கடைக்கு வெளியே தூக்கிச் சென்று அணைத்தபடி அமருங்கள். அடிப்பதும், “டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்று அச்சுறுத்துவதும் வேண்டா. அந்த அச்சத்தோடுதான் அக்குழந்தை பிறகு எங்கள் அறைக்குள் வருகிறது. உண்மையில் நோயுற்றிருக்கும்போது அதன் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும் கடினமாகிவிடுகிறது.

தாத்தா பாட்டியரும் உறவினரும் அன்பின் அடையாளமாகவே தின்பண்டம் வாங்கிக் கொடுக்கிறார்கள். அவர்களிடம் சினந்துகொள்வதைவிட, “பிள்ளைக்கு வாங்குவதானால் கொய்யா வாங்குங்கள், முட்டை வாங்குங்கள்” என்று சொல்லிவையுங்கள். அன்பு அப்படியே இருக்கட்டும். பண்டம் மட்டும் மாறட்டும்.

சிறு கைகளுக்கு வேலை

கடையில் தொல்லை தரும் குழந்தை பெரும்பாலும் வேலையற்ற குழந்தை. ஒன்றரை வயதில் காய்களின் பெயரைச் சொல்லிக் காட்டலாம். இரண்டு, மூன்று வயதில் எலுமிச்சையை ஒவ்வொன்றாகப் பையில் போடச் சொல்லலாம். நான்கு, ஐந்து வயதில் பழங்களை எண்ணவும் தராசு முள்ளைக் கவனிக்கவும் பழக்கலாம். பள்ளி செல்லும் பிள்ளை பொட்டலத்தின் காலாவதித் தேதியைப் படிக்கலாம். மீதிச் சில்லறையைக் கணக்கிடலாம். 2021-இல் தமிழ்நாடு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது நினைவிருக்கும். பிள்ளைக்கென்று ஒரு சிறு மஞ்சப்பை கொடுத்துப் பாருங்கள். தன் பை நிறைய வேண்டும் என்ற அக்கறையில் அது பாதி அழுகையை மறந்துவிடும்.

தேர்வு செய்யும் உரிமையையும் கொடுங்கள். ஆனால் எல்லையை நீங்கள் வகுங்கள். “என்ன வேண்டும்?” என்ற கேள்விக்கு விடை தொங்கும் சரங்களில்தான் இருக்கும். “கொய்யாவா, செவ்வாழையா?” என்று கேட்டால் எந்த விடையும் நல்ல விடையே. தான் தேர்ந்த காயைக் குழந்தை விரும்பி உண்ணும் என்ற உறுதி இல்லை. புதிய காய் ஒன்றை ஏற்க ஒரு குழந்தைக்குப் பத்து முறைக்கும் மேல் அதைச் சுவைக்கும் வாய்ப்புத் தேவைப்படலாம். இரண்டு முறை துப்பியதும் “என் பிள்ளைக்குப் பீட்ரூட் பிடிக்காது” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடையில் தொட்டு, பையில் சுமந்து, வீட்டில் கழுவிய காய் தட்டில் வரும்போது குழந்தைக்கு அது அறிமுகமான பொருளாகிவிடுகிறது.

பொட்டலத்தின் பின்பக்கம்

பொட்டலத்தின் முன்பக்கம் விளம்பரம். செய்தி பின்பக்கத்தில் இருக்கிறது. சேர்மானப் பட்டியலில் எது அதிகமாக உள்ளதோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், மால்ட்டோடெக்ஸ்ட்ரின், இன்வர்ட் சிரப் போன்றவை இருந்தால் அது இனிப்புப் பண்டமே; மேலே கேழ்வரகின் படமோ பாதாமின் படமோ இருப்பது அதை மாற்றாது. எழுத்து ஆங்கிலத்தில் இருந்தால், படிக்கும் மூத்த பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். ஒன்று, சேர்க்கப்பட்ட சர்க்கரை. ஐந்து கிராம் என்பது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. இரண்டு வயது வரை சேர்க்கப்பட்ட சர்க்கரையே வேண்டா என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதன் பின்னும், நாளின் ஆற்றலில் ஐந்து விழுக்காட்டுக்குள் அடங்குவதே நலம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,300 கலோரி தேவைப்படும் ஐந்து வயதுக் குழந்தைக்கு இது 16 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி. இரண்டாவது எண், சோடியம். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்று அச்சிட்டிருந்தால் அதில் 2 கிராம் உப்பு உள்ளது. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாள் முழுமைக்கும் 2 கிராம் உப்பே போதும்.

பாலில் கலக்கும் மால்ட் பொடிகளைச் சத்து மருந்தாக எண்ணிப் பணம் செலவிடும் குடும்பங்கள் பல. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற வகையே இல்லை. அதனால் 2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை அப்பெயரின்கீழ் பட்டியலிட வேண்டாம் என்று இணைய விற்பனை நிறுவனங்களுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது. பொடி இல்லாத பால் குறைவுள்ள பால் அன்று.

நிறத்தையும் கவனியுங்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்ததற்குக் காரணம், துணிக்குச் சாயமேற்றும் ரோடமின்-பி என்ற நிறமி அதில் கண்டறியப்பட்டதே. திருவிழாக் கடைகளிலும் சந்தையிலும் கண்ணைப் பறிக்கும் நிறத்தில், பெயரும் முகவரியும் இல்லாத பைகளில் விற்கப்படும் எதையும் வாங்காதீர்கள்.

செலவுக் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். நாளுக்குப் பத்து ரூபாய்ப் பொட்டலம் ஒன்று என்றால் மாதம் 300 ரூபாய். ஒரு முட்டை ஏழு ரூபாய் என்று கொண்டால், அப்பணத்தில் 40 முட்டைகளுக்கு மேல் கிடைக்கும். நாளொன்றுக்கு ஒன்று கொடுத்தாலும் மீதம் இருக்கும். “சத்தான உணவு வாங்க வசதியில்லை” என்று வருந்தும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இக்கணக்கைத்தான். பல வீடுகளில் சத்துக்கு வேண்டிய பணம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கிறது; போகும் திசையை மாற்றினால் போதும்.

ரேஷன் கடை அரிசியில் மிதக்கும் மணிகள்

2023-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் நியாய விலைக்கடைகளில் செறிவூட்டப்பட்ட அரிசி வழங்கத் தொடங்கப்பட்டது. நூறு அரிசிக்கு ஒன்று என்ற அளவில், இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவை சேர்ந்த மணிகள் இதில் கலந்திருக்கும். அரிசி மாவோடு சத்துகளைப் பிசைந்து அரிசி வடிவில் ஆக்கப்பட்டவை இவை. நிறத்தில் சிறிது வேறுபட்டிருக்கும்; களையும்போது சில மிதக்கும். இதைக் கண்டு ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று அஞ்சி, முறத்தில் பொறுக்கி எறிந்துவிடுகின்றனர் சிலர். எறியப்படுவது குழந்தைக்கு வர வேண்டிய சத்து. அம்மணிகளை அப்படியே சமையுங்கள். பலமுறை கழுவ வேண்டா. வீட்டில் எவருக்கேனும் தாலசீமியா போன்ற இரத்த நோய் இருந்தால் மட்டும் எங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது

வயிற்றுப்போக்கு காணும் குழந்தைக்கு உயிர்காக்கும் மருந்து ஓ.ஆர்.எஸ். உப்புச்சர்க்கரைக் கரைசல். கடைகளில் அதே எழுத்துகளைப் பெயரில் தாங்கிய இனிப்புப் பானங்கள் பெட்டிகளில் விற்கப்பட்டு வந்தன. அவற்றில் சர்க்கரை மிகுதி, உப்புகள் போதாதவை; வயிற்றுப்போக்கின்போது கொடுத்தால் நீரிழப்பு மேலும் கூடும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்கெதிராகப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டுக்குப் பொருந்தாத எந்தப் பானமும் அப்பெயரைத் தாங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆயினும் நீங்கள் விழிப்போடு இருங்கள்.

பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாடு என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு நீரில் கரைக்க வேண்டும் என்பதையும் படியுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிலிட்டருக்கு. ஒரு லிட்டர்ப் பொட்டலத்தைச் சிறு குவளையில் கரைப்பது ஆபத்தானது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது துத்தநாக மாத்திரையோடு இலவசமாகக் கிடைக்கிறது. மலையில் இருப்போர் வீட்டில் எப்போதும் இரண்டு பொட்டலங்களை வைத்திருங்கள்; நள்ளிரவில் வயிற்றுப்போக்கு தொடங்கினால் கடைக்கு இறங்க இயலாது.

திராட்சை, கடலை, தேன்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. சுருளிப்பட்டி, ஆனைமலையன்பட்டி, கூடலூர்ப் பகுதித் தோட்டங்களிலிருந்து வரும் பழத்தை நம் குழந்தைகள் உண்ணாமல் இருக்கக் காரணமில்லை. கொடுக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். உருண்டையாக, வழுவழுப்பாக, அழுத்தினால் நெகிழும் திராட்சை, சிறு குழந்தையின் மூச்சுக்குழாய் வாயில் தக்கை போல் பொருந்தி அடைத்துவிடும். ஐந்து வயது வரை திராட்சையை ஓடும் நீரில் நன்கு கழுவி, நீளவாக்கில் நான்காக வெட்டி, விதை நீக்கிக் கொடுங்கள். சந்தையிலோ ஓடும் பேருந்திலோ முழுப் பழத்தைக் கையில் கொடுக்காதீர்கள்.

வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கடினமான மிட்டாய், சிறு கிண்ணத்தில் வரும் ஜெல்லி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். கடலையைப் பொடித்தோ சட்டினியாக அரைத்தோ கொடுங்கள். பொட்டலத்துக்குள் இலவசமாக வரும் சிறு பொம்மையை உடனே எடுத்துவிடுங்கள். மலைத்தேன் நல்லதென்று கைக்குழந்தையின் நாவில் தடவும் வழக்கம் இங்குண்டு. ஒரு வயது நிறையும் வரை தேன் கூடவே கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி, குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

தொண்டையில் ஏதேனும் சிக்கி, இருமவும் அழவும் இயலாமல் குழந்தை திணறினால், ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். பின் மல்லாத்தி, மார்பின் நடுவே இரு விரல்களால் ஐந்து முறை அழுத்துங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை முன்புறம் சாய்த்து முதுகில் ஐந்து முறை தட்டி, பின் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்துங்கள். பொருள் வெளிவரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை வாய்க்குள் விரல்விட்டுத் துழாவாதீர்கள். அது மேலும் உள்ளே போய்விடும். குழந்தை நினைவிழந்தால் தரையில் கிடத்தி, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். அருகில் இருப்பவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

நெரிசலும் வாகனமும்

தேனி வாரச்சந்தை போன்ற நெரிசலான இடங்களில், பெற்றோரின் கைப்பேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் குழந்தையின் சட்டைப்பையில் வையுங்கள். குழந்தை காணாமற்போனால் காவலரிடம் சொல்வதோடு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். இருசக்கர வாகனத்தில் மளிகைப் பைகளுக்கு நடுவே குழந்தையை நிறுத்தி வருவது மிகவும் ஆபத்தானது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும் பிணைப்புப் பட்டையும் சட்டப்படி கட்டாயம். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பைகள் மிகுந்த நாளில் ஆட்டோவுக்கு ஆகும் செலவு வீணன்று.

வீட்டில் நோயாளி இருக்கும்போது

இவ்விதழைப் படிக்கும் பலர் வார்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துக்கொண்டு, சிறு பிள்ளையை உடன் வைத்திருப்பவர்கள். நோயாளியைக் கவனிக்கும் நேரத்தில் பிள்ளை அமைதியாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பொட்டலங்கள் கைக்கு வந்துவிடுகின்றன. இதை நாங்கள் புரிந்துகொள்கிறோம். வாழைப்பழம், அவித்த முட்டை, அவல் ஆகியவை அடுப்பில்லாமலும் கொடுக்கக் கூடியவை என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். முட்டையை வீட்டிலிருந்து அவித்துக் கொண்டுவந்து அன்றே கொடுத்துவிடுங்கள். உதவ முன்வரும் உறவினரிடம் மளிகைச் சீட்டை எழுதிக் கொடுங்கள். என்ன உதவி செய்வது என்று அறியாமல் நிற்பவர்களுக்கு அது வழிகாட்டும்.

சிறுநீரக நோயுள்ள குழந்தைகளுக்கு ஊறுகாய், அப்பளம், கருவாடு, பொட்டலத் தின்பண்டம் ஆகியவற்றின் உப்பு வீக்கத்தை மிகுவிக்கும். அவை அக்குழந்தைக்கு மட்டும் மறுக்கப்படாமல், சீட்டிலிருந்தே நீங்கட்டும். மற்றவர் உண்ண ஒரு குழந்தை மட்டும் பார்த்திருப்பது கொடுமை. இன்சுலின் எடுக்கும் குழந்தை கடைக்கு வரும்போது, மருத்துவர் சொன்ன அளவு குளுக்கோஸ் உங்கள் கையில் இருக்க வேண்டும். வியர்வை, நடுக்கம், திடீர் எரிச்சல் ஆகியவை இரத்தச் சர்க்கரை குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அதைக் கடையில் செய்யும் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள்.

இவை அனைத்தையும் ஒரே மாதத்தில் மாற்ற இயலாது, மாற்றவும் வேண்டா. இம்மாதச் சீட்டில் ஒரு பயறும் ஒரு பழமும் கூடட்டும். ஒரு பொட்டலம் குறையட்டும். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மருந்துச் சீட்டோடு மளிகைச் சீட்டையும் எடுத்து வாருங்கள். பிள்ளைக்குப் பயன்படுத்தும் பொடியோ பானமோ இருந்தால் அதன் அட்டையையும் கொண்டு வாருங்கள். இரண்டு சீட்டுகளையும் சேர்த்துப் படித்தால், குழந்தைக்கு என்ன தேவை என்பதை நாம் இருவரும் இன்னும் தெளிவாக முடிவு செய்யலாம்.